கோம்பைக் குட்டி: முதல் ஆறு மாதங்கள்

மார்க்கையன்கோட்டையில் வீடோ தோட்டமோ உடைய ஒருவர், காவலுக்கும் துணைக்குமாக நல்ல நாய்க்குட்டி ஒன்றை வளர்க்கக் கருதினால், அதற்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஆள் அனுப்ப வேண்டியதில்லை. மேற்கே சில மைல் தொலைவில், மலையடிவாரத்தில் இருக்கும் கோம்பை என்னும் ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்டு, செவலை நிறமும் கரிய மூஞ்சியும் உறுதியான தாடையும் பெற்று, மாட்டுப்பட்டியையும் தோட்டத்தையும் காத்து, காட்டுப்பன்றியை எதிர்த்து நின்று பேரெடுத்த ஓர் இனம் நம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. 2020 ஆகஸ்டு 30 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை ஆகியவற்றோடு கோம்பையையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். சென்னை சைதாப்பேட்டையில் உள்ள அரசு நாய் இனப்பெருக்கப் பிரிவிலும் இவ்வினம் பேணப்பட்டு வந்திருக்கிறது.

இவ்வத்தியாயம் முழுவதற்கும் அடிப்படையான ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோம்பைக்குக் காவல் குணம் பிறவியிலேயே உண்டு; அதை நாம் ஊட்ட வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை. நாம் கற்பிக்க வேண்டியது நிதானம். யார் வேண்டியவர், யார் வழிப்போக்கர், எப்போது குரைக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற விவேகத்தைக் குட்டிப் பருவத்தில் பெறாத கோம்பை, வளர்ந்தபின் வீட்டுக்காரருக்கே பெரும் பாரமாகிவிடுகிறது.

நாய்க்குட்டி ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரையில் கண்டு பழகியவற்றை ஆயுள் முழுதும் இயல்பானவையாக ஏற்றுக்கொள்ளும் என்பதை, அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் பீகிள் உள்ளிட்ட ஐந்து இனங்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்து, 1965இல் நூலாக வெளியிட்டார்கள். சாஸ்திரம் இவ்வளவு போதும். இனிச் செய்முறைக்கு வருவோம்.

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

1. பிறந்து 8 வாரம் நிறையாத குட்டியை வாங்காதீர்கள். 30 நாள் குட்டியைக் கையில் கொடுத்துவிடும் வழக்கம் பல இடங்களிலும் இருக்கிறது. தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் விளையாடிக் கடித்தும் கடிபட்டும்தான், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவைக் குட்டி கற்கிறது. அந்தப் பாடத்தைப் பின்னர் நாம் புகட்டுவது மிகுந்த சிரமம்.

2. தாய் நாயைப் பாருங்கள். வளர்ப்பவர் அருகில் இருக்கும்போது அது அந்நியரைச் சகித்துக்கொள்கிறதா, அல்லது சங்கிலியை அறுக்கப் பாய்கிறதா என்பதே குட்டியின் வருங்காலத்துக்கு நம்பகமான சாட்சி. தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

3. ஒரே ஈற்றுக் குட்டிகள் எல்லாவற்றையும் தரையில் விட்டுக் கவனியுங்கள். மற்றவற்றை மிதித்துக்கொண்டு முதலில் ஓடி வரும் குட்டியும் வேண்டாம். மூலையில் பதுங்கி நடுங்கும் குட்டியும் வேண்டாம். சாவிக்கொத்தைக் கீழே போட்டால் திடுக்கிட்டு, அடுத்த கணமே மோந்து பார்க்க வரும் குட்டியே உத்தமம்.

4. ஈறு ரோஜா நிறமாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் குடற்புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று பொருள். உடல் மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருப்பதும் புழுவின் அறிகுறியே. கண், காது, தொப்புள், ஆசனவாய் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

அழகுக்கென்றும் வீரத்துக்கென்றும் காதை அறுத்துக் கொடுப்பதாகச் சிலர் சொல்வார்கள். 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டத்தின்படி பிராணியை அங்கஹீனம் செய்வது குற்றம்; சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்யத் தகாத கொடுமைதான்.

முதல் நாளும் முதல் இரவும்

குட்டி வருமுன் தயாராக இருக்க வேண்டியவை அதிகம் இல்லை: கனமான இரண்டு வட்டில்கள், மென்மையான கழுத்துப்பட்டை, 6 அடிக் கயிறு ஒன்று, 30 அடிக் கயிறு ஒன்று, குட்டி நீட்டிப் படுக்கும் அளவுக்கு ஒரு மரப்பெட்டி. தாய் படுத்திருந்த சாக்கிலோ துணியிலோ ஒரு துண்டை வாங்கி வந்து பெட்டியில் விரித்துவிடுங்கள். அந்த வாசனை அதற்குப் பெரிய ஆறுதல்.

காலையில் அழைத்து வருவது நல்லது. இருட்டுமுன் வீட்டை அறிந்துகொள்ள அவகாசம் கிடைக்கும். தெருப்பிள்ளைகள் எல்லாரும் அன்றைக்கே வந்து தூக்கிக் கொஞ்ச வேண்டாம். முதல் இரவு குட்டி அழும். காவல் நாய் என்று சொல்லி அதைத் திண்ணையில் தனியே கட்டிப்போடுவதும், அழுகிறது என்று அதட்டுவதும் பெரும் பிழைகள். பெட்டியை நீங்கள் படுக்கும் இடத்துக்கு அருகில் வைத்து, அழும்போது கையை நீட்டித் தொடுங்கள். ஒரு வாரம் சென்றபின் நாளுக்குக் கொஞ்சமாகப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய், கடைசியில் அது நிரந்தரமாகப் படுக்க வேண்டிய இடத்தில் நிலைநிறுத்திவிடலாம்.

உணவு

8 வாரம் முதல் 12 வாரம் வரை நாளைக்கு 4 வேளை. 6 மாதம் வரை 3 வேளை. அதன்பின் 2 வேளை. வந்த முதல் வாரத்தில் முன்னிருந்த வீட்டில் என்ன தின்றதோ அதையே கொடுத்து, பிறகு மெள்ள மெள்ள மாற்றுங்கள்.

நம் வீட்டில் கிடைப்பவற்றைக் கொண்டே நல்ல உணவு தயாரிக்கலாம். குழைய வேகவைத்த சோறு அல்லது கேழ்வரகுக் களியோடு, எலும்பு நீக்கி அவித்த கோழிக்கறி, அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், மசித்த பூசணி அல்லது காரட் ஆகியவற்றைச் சேர்க்கலாம். கறியும் முட்டையும் சோற்றுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். வெறும் பால்சோற்றில் வளர்ந்த குட்டிக்கு எலும்பு வளைந்து போகக் கூடும். பசும்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும். சுண்ணாம்புச் சத்து மருந்தைக் கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள்; அளவு மிஞ்சினால் அதுவும் எலும்பைக் கெடுக்கும்.

வேகவைத்த கோழி எலும்பு கூர்கூராக முறிந்து குடலைக் கிழித்துவிடும். விருந்து முடிந்த இலைகளைக் கொல்லையில் எறிகிற வழக்கம் உள்ள வீட்டில் இதைப் பற்றி எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

நம் பள்ளத்தாக்கின் விஷங்கள்

இந்தப் பகுதியை வாசகர் இருமுறை படிக்க வேண்டுகிறேன். வேறு ஊர்களுக்கென்று எழுதப்பட்ட நாய் வளர்ப்பு நூல்களில் ஒரு வரியில் முடிந்துபோகும் செய்தி, நம் ஊரில் உயிர் காக்கும் செய்தியாகிவிடுகிறது.

முதலாவது, திராட்சை. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கங்களில் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை விளைகிற இந்தப் பள்ளத்தாக்கில், நாய் திராட்சையைத் தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழந்து இறக்கக் கூடும் என்பதை அறிந்தவர் சொற்பம். எத்தனை பழம் தின்றால் ஆபத்து என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஒரு நாய் பிழைக்கும் அளவில் மற்றொன்று மாண்டுபோகும். தின்ற ஒரு நாளுக்குள் வாந்தியும் சோர்வும் தோன்றி, அடுத்த ஓரிரு நாட்களில் சிறுநீர் குறைந்து நின்றுவிடலாம். உலர்ந்த திராட்சையும் அவ்வாறே. பாயசத்திலும் பொங்கலிலும் கிடக்கும் திராட்சையைக் குழந்தைகள் குட்டிக்கு ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திராட்சையில் உள்ள டார்ட்டாரிக் அமிலமே இதற்குக் காரணம் என்று அண்மை ஆண்டுகளில் மருத்துவர்கள் கருதுகிறார்கள். அந்த அமிலம் புளியிலும் மிகுதியாக உண்டு. ஆகையால் புளிச்சோறு, புளிக்குழம்பு, ரசம் ஆகியவற்றை நாய்க்கு வைப்பதை அடியோடு நிறுத்திவிடுங்கள். குழம்பில் கரைந்திருக்கும் வெங்காயமும் பூண்டும் வேறு இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. மிச்சக் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைப்பது அன்பின் காரியமாகத் தோன்றினாலும், அது தீங்கே.

இரண்டாவது, எலி மருந்து. வயலில் எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு கலந்த பண்டம் வயிற்றில் பட்டவுடன் விஷவாயுவாக மாறுகிறது. கடைகளில் விற்கும் கட்டி மருந்தோ சில நாள் கழித்து உள்ளேயே இரத்தம் கசியச் செய்து கொல்கிறது. பக்கத்து வயல்காரர் எப்போது மருந்து வைக்கிறார் என்று கேட்டு அறிந்து, அந்நாட்களில் குட்டியைக் கயிற்றிலிருந்து அவிழ்க்காதீர்கள்.

மூன்றாவது, பந்தலுக்கும் வாழைக்கும் தெளிக்கும் பூச்சிமருந்து. மருந்து கலக்கிய வாளியைக் கழுவி ஊற்றிய நீர் தேங்கும் குழி, நாய்க்கு மற்றக் குழிகளைப் போன்ற ஒரு குடிநீர்க் குழிதான்.

குறிப்பு: விஷம் தின்றதைக் கண்டால் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மருந்துச் சீட்டையோ தின்ற பொருளின் மிச்சத்தையோ எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். திராட்சையானால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்து காப்பாற்ற இடம் உண்டு.

ஊசியும் புழு மருந்தும்

1. குடற்புழு மருந்து: 2ஆவது வாரத்தில் தொடங்கி 12ஆவது வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பின்னர் 6 மாதம் வரை மாதம் ஒருமுறை.

2. கூட்டுத் தடுப்பூசி: 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3 அல்லது 4 வார இடைவெளியில், 16 வாரம் நிறையும் வரை. ஒரே ஊசியோடு நிறுத்திவிடுவதுதான் அநேகர் செய்யும் தவறு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியின் வேலையைத் தடுத்துவிடக் கூடும் என்பதால், அடுத்தடுத்த ஊசிகளே குட்டியை உண்மையில் காக்கின்றன.

3. வெறிநோய்த் தடுப்பூசி: 12 வாரத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, ஆண்டுதோறும் தவறாமல்.

4. எலிக்காய்ச்சலுக்கான தடுப்பும் கூட்டு ஊசியில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் நெல் விளையும் இப்பூமியில், எலியின் சிறுநீர் கலந்த வாய்க்கால் நீரை நாய் குடிக்காமல் தடுக்க இயலாது. அந்நோய் நாயிடமிருந்து நமக்கும் தொற்றும்.

வாந்தியும், நாற்றத்தோடு கூடிய இரத்தக் கழிச்சலும் கண்டால் அது பார்வோ நோயாக இருக்கலாம்; நாட்டு மருந்து பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். அந்நோயின் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். முன்பு ஒரு குட்டி அவ்வாறு இறந்த வீட்டில், ஊசிகள் முடியாத புதுக்குட்டியை விடலாகாது.

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டுக்கொள்ளலாம். கடினமான நோயானால், வீரபாண்டிக்கு அருகே தப்புக்குண்டில் 2020இல் தொடங்கப்பட்ட தேனி கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் பாக்கியம்.

வெளியே போகும் பழக்கம்

தூங்கி எழுந்தவுடன், தின்று கால் மணி நேரத்துக்குள், விளையாடி முடித்தவுடன் குட்டியைக் கொல்லையில் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, பேசாமல் காத்திருங்கள். காரியம் முடிந்த அந்த கணத்திலேயே பாராட்டி ஒரு துண்டு ஈரல் கொடுங்கள். இரண்டு மாதக் குட்டி பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குமேல் அடக்கிக்கொள்ளாது. இரவில் ஒருமுறையாவது நீங்கள் எழுந்திருக்கத்தான் வேண்டும். வீட்டுக்குள் அசுத்தம் செய்துவிட்டால், மூக்கை அதில் தேய்ப்பதும் அடிப்பதும் எவ்விதப் பிரயோஜனமும் இல்லாத செயல்கள். மனிதர் கண்ணில் படாமல் கட்டிலடியில் போய்ச் செய்யவே அது கற்றுக்கொள்ளும்.

மனிதரோடும் உலகத்தோடும் பழக்குதல்

கோம்பையை வளர்ப்பதில் இதுவே இருதயமான பகுதி. 8 முதல் 16 வாரம் வரையுள்ள இரண்டு மாதத்தை வீணாக்கியவர், பின்னர் இரண்டு ஆண்டு உழைத்தாலும் ஈடு செய்ய முடியாது. குட்டி வளர்ந்து, முற்றத்தில் நுழையும் ஒவ்வொருவரையும் பகைவராகக் கருதும் நிலை வந்தபின், அதை நாள் முழுதும் சங்கிலியில் வைப்பதைத் தவிர வழி இல்லாமல் போகிறது. சங்கிலியிலேயே கிடப்பதால் அதன் சினம் இன்னும் பெருகுகிறது.

1. முதல் வாரம் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும். ஒவ்வொருவரும் குனிந்து உட்கார்ந்து, குட்டி தானாக அருகில் வரும்வரை காத்திருந்து, அவித்த கறித்துண்டு ஒன்றைக் கொடுக்கட்டும். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் மார்பையும் தாடையையும் தடவட்டும்.

2. இரண்டாம் வாரத்திலிருந்து, தினம் புதியவர் ஒருவர்: பால்காரர், தபால்காரர், தலைக்கவசம் அணிந்து வண்டியில் வருபவர், குடை பிடித்த முதியவர், தலைச்சுமையோடு களையெடுக்கப் போகும் பெண்கள், ஓடி விளையாடும் பிள்ளைகள்.

3. ஊசிகள் முடியும்வரை வெளியே கையில் தூக்கிக்கொண்டே செல்லுங்கள். சந்தையிலும் பேருந்து நிறுத்தத்திலும் தெருநாய்கள் புழங்கும் இடத்திலும் தரையில் விடாதீர்கள். மடியில் வைத்தபடியே சின்னமனூர்ச் சாலையின் பேருந்துகளையும், அறுவடை இயந்திரத்தையும், குச்சனூர்ப் பக்கம் சனிக்கிழமைக் கூட்டத்தையும் தூரத்திலிருந்து காட்டலாம்.

4. மாடு, ஆடு, கோழி இவற்றைக் கயிற்றில் பிடித்தபடி காட்டுங்கள். கோழியைப் பார்த்தும் பாயாமல் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் கணமே பரிசு கொடுக்க வேண்டிய கணம்.

5. சப்தம்: தப்பு, மேளம், வெடி. முதலில் தொலைவிலிருந்து கேட்கும்போது உணவு கொடுத்து, நாளடைவில் நெருங்குங்கள். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கோ தீபாவளிக்கோ குட்டியை நேரே கொண்டுபோய் நிறுத்துவது பழக்குதல் ஆகாது.

குட்டி வாலைக் கவட்டுக்குள் இடுக்கினாலும், கொடுத்த கறியை மறுத்தாலும், நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். பின்வாங்கி நின்று மறுநாள் பாருங்கள்.

இங்கே ஒரு கெட்ட வழக்கத்தைக் கண்டித்தாக வேண்டும். தெருவில் போகிறவரைக் காட்டி, ‘சூ! பிடி!’ என்று குட்டியை ஏவி, அது பாய்வதைக் கண்டு சிலர் மகிழ்கிறார்கள். இருட்டறையில் அடைத்தால் சீற்றம் வரும், மிளகாயைத் தின்னக் கொடுத்தால் வீரம் வரும் என்றும் சொல்கிறார்கள். இவற்றால் வருவது வீரம் அன்று, பயம். பயந்த நாய்தான் குழந்தையைக் கடிக்கிறது. உண்மையில் திருடன் வரும்போது கட்டிலடியில் ஒளிந்தாலும் ஒளியும். நன்றாகப் பழக்கப்பட்ட கோம்பையோ, அகாலத்தில் வேலி தாண்டும் அந்நியனை எவரும் சொல்லிக்கொடுக்காமலே தடுத்து நிறுத்தும்.

ஐந்து பாடங்கள்

ஒரு பாடத்துக்கு ஐந்து நிமிஷம். நாளைக்கு மூன்று முறை. உணவுக்குச் சற்று முன். வீட்டார் அனைவரும் ஒரே சொல்லையே உபயோகிக்க வேண்டும். தந்தை ‘வா’ என்றும், பிள்ளை ‘கம்’ என்றும், பாட்டி ‘த்தோ, த்தோ’ என்றும் அழைத்தால் குட்டி குழம்பிப்போகும்.

1. பெயர். பெயரை ஒரே ஒருமுறை சொல்லுங்கள். முகத்தைப் பார்த்தவுடன் ஒரு துண்டு. கோபத்தில் பெயரைச் சொல்லி அதட்டாதீர்கள்.

2. வா. எல்லாப் பாடங்களிலும் இதுவே தலையாயது. சாலையிலிருந்தும் பாம்பிலிருந்தும் நாயைக் காப்பது இந்த ஒற்றைச் சொல்தான். முதலில் இரண்டடி தூரத்திலிருந்து பின்னோக்கி நடந்தபடி அழையுங்கள். பிறகு அறைக்கு அறை. பிறகு 30 அடிக் கயிற்றில் தோட்டத்தில். வந்த ஒவ்வொரு முறையும் பரிசு உண்டு. அழைத்து அடிப்பதும், அழைத்துக் குளிப்பாட்டுவதும், அழைத்து உடனே கட்டிப்போடுவதும் இப்பாடத்தை அழித்துவிடும். கட்ட வேண்டுமானால் நீங்களே அதனிடம் நடந்து செல்லுங்கள்.

3. உட்கார். உணவுத் துண்டை மூக்கருகில் பிடித்து மெள்ளத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனால், பின்பகுதி தானாகத் தாழும். அந்த கணத்தில் சொல்லும் பரிசும். முதுகை அழுத்தி உட்கார வைக்காதீர்கள். பின்னர் சோற்று வட்டிலை வைக்கும் முன்னும், கதவைத் திறக்கும் முன்னும், விருந்தினர் தடவும் முன்னும் இச்சொல்லைப் பிரயோகியுங்கள். நிதானம் என்பது குட்டிக்கு இவ்வாறுதான் புரியத் தொடங்குகிறது.

4. விடு. மூடிய கையில் ஒரு துண்டை வைத்துக் காட்டுங்கள். குட்டி நக்கும், பிறாண்டும். பின்வாங்கியவுடன் ‘விடு’ என்று சொல்லி மறு கையிலிருந்து அதைவிடச் சுவையான துண்டைக் கொடுங்கள். வாயில் உள்ளதைப் பலவந்தமாகப் பிடுங்கினால், அடுத்த முறை விழுங்கிவிடும். உறுதியான தாடை கொண்ட இவ்வினத்தில் அது உங்கள் விரலுக்கும் ஆபத்து.

5. கயிற்றில் நடத்தல். குட்டி இழுத்தால் மரம்போல் நின்றுவிடுங்கள். கயிறு தளர்ந்தால் நடங்கள். முதல் பத்து நாள் தெரு முனையைக்கூட எட்ட முடியாது. பரவாயில்லை.

விளையாட்டில் பல் அழுந்தினால், ‘ஆ’ என்று சொல்லிக் கையைத் தளர்த்தி, அரை நிமிஷம் எழுந்து போய்விடுங்கள். மூக்கில் தட்டுவது கடியை அதிகமாக்கும். 4ஆம் மாதத்திலிருந்து 28 பாற்பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைக்கும் காலத்தில் செருப்பும் கட்டில் காலும் தப்பாது; முடிச்சுப் போட்டு நனைத்த துண்டுத்துணியையோ குளிர்ந்த காரட்டையோ பார்வைக்கு எட்டும் தூரத்தில் கொடுங்கள். தேங்காய் மட்டையைக் கொடுக்காதீர்கள். விழுங்கிய நார் குடலை அடைத்துவிடும்.

சங்கிலியும் காடும்

பகலில் சில மணி நேரம் கட்டிவைப்பது அவசியமானால், நிழலும் நீரும் இருக்கும் இடத்தில் கட்டுங்கள். காலையும் மாலையும் முக்கால் மணி நேரமாவது உடன் நடந்து வாருங்கள். சித்திரை, வைகாசியில் தார்ச்சாலையில் நடக்கும் முன் புறங்கையைச் சில விநாடி அதன்மேல் வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாத சூட்டை அதன் பாதமும் பொறுக்காது.

மலையடிவாரத் தோட்டக்காரர்கள் கோம்பையை வேட்டைக்குப் பழக்க ஆசைப்படுவதுண்டு. அந்தக் காலம் போய்விட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டில் வேட்டையாடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. மேகமலைப் பகுதி 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. நம் நாயிடமுள்ள டிஸ்டெம்பர் நோய் செந்நாய்க் கூட்டத்தையும் தொற்றிக்கொள்ளக் கூடியது. ஆகவே வேட்டை உணர்ச்சிக்கு வடிகாலாக, தோட்டத்திலேயே கறித்துண்டுகளை ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். கயிறு கட்டிய துணிப்பந்தைத் துரத்தச் செய்து, ‘விடு’ என்றவுடன் விடுகிறதா என்று பாருங்கள்.

பீகிள் குட்டி வைத்திருப்போருக்கு

நகரத்து உறவினரின் மூலம் பீகிள் குட்டி நம் ஊர்களுக்கும் வந்து சேர்கிறது. மேலே சொன்ன முறைகள் அனைத்தும் அதற்கும் பொருந்தும். ஆனால் அழுத்தம் கொடுக்க வேண்டிய இடம் வேறு. கோம்பை அந்நியரைச் சந்தேகிக்கும். பீகிள் எவரோடும் உறவாடும், காவலுக்கு உதவாது. முயலை மோப்பம் பிடித்துத் துரத்துவதற்கென்று இங்கிலாந்தில் உருவான இனமாதலால், தரையில் ஒரு வாசனை கிடைத்துவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் விழாது. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் மூட்டைகளில் மறைந்திருக்கும் பழங்களையும் இறைச்சியையும் கண்டுபிடிக்க 1984 முதல் பீகிள்களை நியமித்திருப்பது அந்த மூக்கை நம்பித்தான்.

ஆகையால் வேலியில்லாத வெளியில் பீகிளை எக்காலத்தும் கயிறின்றி விடாதீர்கள். திராட்சைப் பந்தலைப் பற்றிச் சொன்ன எச்சரிக்கை, கண்டதையெல்லாம் தின்னும் இவ்வினத்துக்கு இருமடங்கு பொருந்தும். உணவை அளந்து கொடுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமலும் கைக்குத் தட்டுப்பட்டும் இருக்க வேண்டும். தொங்கும் காதை வாரம் ஒருமுறை உலர்ந்த பஞ்சால் துடைத்து, நாற்றமோ சீழோ இருக்கிறதா என்று பாருங்கள். தனிமையில் அது நீளமாக ஊளையிடும். பகல் முழுதும் ஆளில்லாத வீட்டுக்கு அது ஏற்றதன்று.

அபாய வேளைகளில்

பாம்பு: வரப்பிலும் வைக்கோல் படப்பிலும் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் உண்டு. மூஞ்சியோ காலோ திடீரென வீங்கினாலும், நாய் தள்ளாடினாலும் கடிபட்டதாகவே கொள்ளுங்கள். காயத்தைக் கீறாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள், நடக்க விடாதீர்கள், தூக்கிக்கொண்டு செல்லுங்கள். விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று வழியிலேயே தொலைபேசியில் கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சமாகும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு உரிய எண் 1962.

வெயில்: வாய் நுரைத்து, ஈறு கடுஞ்சிவப்பாகி, நடை தடுமாறினால் நிழலில் கிடத்தி, உடல் முழுதும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

நாய்க்கடி: தெருநாய் உங்கள் குட்டியைக் கடித்தால், அது ஊசி போட்ட குட்டியானாலும் காயத்தைக் கழுவி அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டியின் பல்லோ வேறு நாயின் பல்லோ மனிதர் மேல் பட்டு இரத்தம் கசிந்தால், ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். நோயின் அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றும் மருந்து உலகத்தில் எங்கும் இல்லை. கடித்தது உங்கள் நாயே ஆனால், அதைக் கொல்லவோ துரத்தவோ செய்யாமல், 10 நாள் கட்டிவைத்து, உணவு கொடுத்து, மருத்துவரின் கண்காணிப்பில் வைத்திருங்கள்.